நடுவில் விட்ட ஐந்து சொற்கள்

மச்சான்,

என் சின்னவளின் விளையாட்டுப் பையைத் திறந்தால் முதலில் அந்தத் தைல மணம்தான் வரும். உன் காரிலும் எப்போதும் அதே மணம். அதனாலேயே அவளுடைய பையைத் தாய்தான் எடுப்பாள், நான் தொடமாட்டேன். போன செவ்வாய்க்கிழமை மனுசி வேலைக்குப் போய்விட்டாள். மழையும் பிடித்துக்கொண்டது. சரி, உடுப்பையாவது தோய்க்கப் போடுவோம் என்று கராஜுக்குள் பையைக் கொட்டினேன். ஊத்தைக் காலுறை ஒன்றுக்குள் நாலாய் மடித்த ஒரு கடதாசி இருந்தது.

விரித்துப் பார்த்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பத்து ஆங்கிலச் சொற்கள், அவளுடைய கையெழுத்து. மேலே மூன்று சொல்லும் கீழே இரண்டு சொல்லும் அப்படியே இருந்தன. நடுவில் இருந்த ஐந்தையும் பென்சிலால் வெட்டியிருந்தாள்.

வேறு தகப்பன் என்றால் ஏதோ பள்ளிக்கூட வேலை என்று நினைத்து மேசையில் வைத்திருப்பான். நான் அங்கேயே தோய்க்கிற மெசினில் சாய்ந்துகொண்டு நின்றேன். அந்த வித்தையைக் கண்டுபிடித்தது இரண்டு பேர். ஒருவன் நீ, போய்விட்டாய். மற்றவன் நான்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலரில் நான் ஒரு பக்கம் எழுதினேன். உன் அம்மா கேட்டா, மறுக்க முடியவில்லை. 'எம்மினத்தின் பெருமை, அமெரிக்க மைதானங்களில் தடம் பதித்த வீரன்' என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். அதில் எழுதாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஒரு வருடம் பிந்திப் போய்விட்டது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும்.

நம் இரண்டு குடும்பமும் ஒரே குளிர்காலத்தில் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, ஒடாஹுஹுவில் பக்கத்துப் பக்கத்து வாடகை வீட்டில் இறங்கியது நினைவிருக்கிறதா? சனிக்கிழமைகளில் மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம். குறள் பாடமாக்கும் போட்டி என்றால் நான் இரண்டு குறளோடு தண்ணி குடிக்கப் போய்விடுவேன். நீ மூச்சு விடாமல் ஐம்பது சொல்லிவிட்டு, இன்னும் வேணுமா என்று கேட்கிற மாதிரி ரீச்சரைப் பார்ப்பாய். பாடமாக்கிறதில் உன்னை அடிக்க அந்த மண்டபத்தில் ஆளில்லை. "அவன் ஒண்டையும் மறக்கிற பிள்ளையில்லை" என்று உன் அம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தா.

அந்த மறதியில்லாத தலையும், தென்னை மாதிரி உயரமும், பந்தை ஒட்டிப் பிடிக்கிற கையும் ஒரே ஆளுக்குக் கிடைத்ததுதான் வினை. பள்ளிக்கூட றக்பியில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவனை அமெரிக்காவிலிருந்து, கையால் பிடித்து ஓடுகிற தங்கள் ஃபுட்போலுக்கு ஆள் தேடி வந்திருந்த ஒரு கோச் பார்த்தார். ஒரு மாலை முழுக்க உனக்குப் பந்தை எறிந்து எறிந்து பார்த்தார், நீ ஒன்றையும் விடவில்லை. அடுத்த வருடம் உன்னை விமானம் ஏற்றினோம். உன் அம்மா அழுதா. நான் பகிடி விட்டேன். எனக்கு எப்போதும் அதுதானே வரும்.

அங்கே நீ என்ன வேலை செய்கிறாய் என்று உன் அம்மாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. "பந்து பிடிக்கிறதுக்கு ஏன் தம்பி ஹெல்மெட்?" என்று என்னைக் கேட்பா. நான் மேசையில் உப்புப் போத்தலையும் கரண்டியையும் வைத்து விளங்கப்படுத்துவேன். அன்ரி, இவன்தான் எறிகிறவன். இது உங்கட மகன், இவனை ரிசீவர் எண்டுவினம். இவன் இத்தனை அடி ஓடி, இந்த இடத்தில் டக்கென்று திரும்ப வேண்டும். திரும்ப முதலே பந்து எறிபட்டுவிடும். திரும்புகிறபோது பந்து முகத்துக்கு நேரே நிற்கும். பிடிக்கிற நேரத்தில் மற்றப் பக்கத்தான் ஓடி வந்து அடிப்பான். உன் அம்மா உப்புப் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "அடிப்பானெண்டு தெரிஞ்சு ஏன் திரும்புறான்?" என்றா.

அதையே உன்னைக் கேட்டபோது நீ ஒன்று சொன்னாய். "பந்தைப் பாத்தால் ஆளைப் பாக்கேலாது மச்சான். ஆளைப் பாத்தால் பந்து போயிடும். பந்து போனால் நானும் போயிடுவன்."

அது உண்மை. உன்னை எந்த அணியும் முறைப்படி தெரிவு செய்யவில்லை. பயிற்சி முகாமுக்கு வந்து பார் என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். தலையணை அளவு தடிப்பில் ஒரு புத்தகம் தந்தார்கள், ஆட்டங்கள் எல்லாம் எழுதியது. மற்றவர்கள் ஒரு மாதம் எடுத்ததை நீ ஆறு நாளில் பாடமாக்கினாய். குறள் படித்த தலை. ஆனால் அந்தப் புத்தகத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விடியற்காலை ஒருவர் வந்து கதவில் தட்டி, "கோச் கூப்பிடுறார், புத்தகத்தையும் கொண்டு வா" என்றால் நீ அந்த அணியில் இல்லை என்று அர்த்தம். ஆறு வருடத்தில் மூன்று நகரம் மாறினாய். இரண்டு தரம் அந்தத் தட்டல் உனக்கு விழுந்திருக்கிறது. பிறகு இங்கே விடுமுறைக்கு வரும்போதும், காலையில் யாராவது கதவைத் தட்டினால் உன் முகம் செத்துப்போகும். தபால்காரனுக்குக்கூட.

அந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மூன்றாவது வருட விடுமுறையில் உன் அம்மாவின் குசினி மேசையில் இருந்துதான் அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொன்னாய். சீசன் தொடங்க முதல் ஒருவர் பத்துச் சொல் வாசிப்பார், திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சொன்னாய் என்று எழுதி வைப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் வேறு பத்துச் சொல். முதலில் பத்தும் சொன்னவன் அடிபட்ட பிறகு ஐந்து சொன்னால் வெளியே உட்கார வேண்டும். முதலிலேயே ஐந்து சொன்னவன் என்றால் வித்தியாசம் இல்லை, போய் விளையாடலாம்.

"வெளியில இருந்தால் என்ர இடத்துக்கு இன்னொருத்தன் வருவான். வந்தால் அவன் போகமாட்டான்" என்றாய்.

"உனக்கு ஐஞ்சு சொல்லத் தெரியாதே, பத்தும் வாயில வந்து நிக்குமே" என்று நான் சிரித்தேன்.

"அதுதான் பிரச்சினை. எனக்கு மறக்கப் பழக்கி விடு."

சும்மா இருந்திருக்கலாம். நான் பேனையை எடுத்தேன். குசினியைச் சுற்றிப் பார்த்து, வாயில் வந்ததை எழுதினேன். குடை, மாடு, திறப்பு, சீப்பு, பாலம், தோடம்பழம், ஏணி, மணிக்கூடு, உப்பு, தலையணை. எவற்றை விடுவது என்று நீதான் கண்டுபிடித்தாய். "தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பாத்தனிதானே, தடுமாறுற பிள்ளையள் துவக்கத்தைச் சொல்லுவினம், முடிவைச் சொல்லுவினம், நடுவிலதான் விடுவினம். நடுவில விட்டால் ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம்." நம்மைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்? குறள் போட்டியில் தோற்ற பிள்ளைகளைப் பார்த்து மறதி படித்தவர்கள் நாம் இரண்டு பேரும்தான்.

அந்த விடுமுறை முழுக்கப் பழகினோம். நான் வாசிப்பேன். நீ மேலே பார்ப்பாய், நெற்றியைத் தடவுவாய், "குடை... மாடு... திறப்பு..." என்று இழுப்பாய், பிறகு கண்ணை மூடி "உப்பு, தலையணை" என்று முடிப்பாய். அப்படி ஒரு நடிப்பு. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஒரு நாள் உன் அம்மா தேத்தண்ணியோடு வந்து, "இந்த வயசில என்னடா பாடமாக்கிறியள்?" என்று கேட்டா.

"மறக்கப் பாடமாக்கிறம் அம்மா" என்றாய்.

உன் அம்மா கோப்பையை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றா. "அப்பிடிக் கதையாதை. வானத்தால போற தேவதை 'அப்பிடியே ஆகட்டும்' எண்டு சொல்லிப்போடும்."

நாம் அதற்கும் சிரித்தோம்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எங்களுக்குத் திங்கள் காலை. நான் வேலை செய்த மனுரேவா வெயர்ஹவுசில் தேத்தண்ணி இடைவேளையில் நாங்கள் நாலைந்து பேர் ரீவிக்கு முன்னால் கூடிவிடுவோம். சமோவாக்கார சுப்பவைசர் உன் பெயரைத் தன் சொந்தக்காரனின் பெயர் மாதிரிக் கத்துவார். அன்றைக்கு நீ நடுவால் ஓடினாய். ஓரத்தில் ஓடினால் கோடு இருக்கிறது, ஒரு பக்கத்தால்தான் அடி வரும். நடுவில் எந்தப் பக்கத்தாலும் வரும். பந்தைப் பிடித்தாய். மற்றப் பக்கத்தான் வந்தது உனக்குத் தெரியவில்லை. நீ விழுந்தபோது உன் இரண்டு கையும் விறைத்து, காற்றில் எதையோ பிடிக்கிற மாதிரி முன்னுக்கு நீட்டியபடி நின்றன. பந்து பக்கத்தில் கிடந்தது. சுப்பவைசர் எழும்பிப் போய் ரீவியை நிற்பாட்டினார்.

இரண்டு நாள் கழித்து நீயே போன் எடுத்தாய். குரல் சரியாகத்தான் இருந்தது. "டெஸ்ட் பாஸ் மச்சான். நாங்கள் படிச்சது வீண் போகேல்ல." அடுத்த திங்கள் திரும்பவும் உன்னை ரீவியில் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தியமாய்ச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை முறை அடிபட்டாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திராது.

முழங்கால் போனதும் அவர்கள் உன்னை விட்டார்கள். நீ மவுண்ட் ரோஸ்கிலுக்கு அம்மாவிடம் வந்து சேர்ந்தாய். முதல் வருடம் எல்லாரும் உன்னைப் பிடித்துப் படம் எடுத்தார்கள், கோயிலில் மாலை போட்டார்கள். இரண்டாம் வருடம் நீ பகலிலும் திரைச்சீலையை இழுத்து மூடத் தொடங்கினாய். வெளிச்சம் குத்துது என்றாய். ஒரே போன் கோலில் ஒரே கதையை இரண்டு தரம் சொன்னாய். வீட்டில் சும்மா இருக்கிற ஆட்கள் அப்படித்தானே என்று நான் விட்டுவிட்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை மத்தியானம். ஒடாஹுஹுவில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு, உன் காரைப் பார்க்கின் பக்கம் விட்டுவிட்டு இருந்து தின்றோம். சின்னவளுக்கு அப்போது மூன்று வயது, அவளுடைய குழப்படிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கேட்கிற மாதிரித் தெரியவில்லை. பழைய சந்தோசத்தைக் கொஞ்சம் கிளறுவோம் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. "எங்க, பரீட்சைக்கு ரெடியோ?" என்று கேட்டுவிட்டு, பத்தையும் வாசிக்கிற மாதிரிச் சொன்னேன்.

நீ மேலே பார்த்தாய். நெற்றியைத் தடவினாய். "குடை... மாடு... தலையணை..." என்றாய். கொஞ்சம் பொறுத்து, "மாடு" என்றாய். இன்னும் பொறுத்து, "உப்பு" என்றாய்.

நான் வாயில் இருந்த ரோல்ஸ் புரையேறச் சிரித்தேன். "டேய், அமெரிக்காவில நடிப்புப் பள்ளிக்கூடமும் போனனியோ?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். ஏதோ கேட்க வாய் எடுத்தவன் மாதிரி இருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு நீயும் சிரித்தாய். "பின்ன? எத்தினை வருச அனுபவம்" என்றாய். கையைத் துடைத்துவிட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணினாய். றோட்டு வாசலில் நிறுத்தி, "இப்ப எந்தப் பக்கம் திரும்ப வேணும்?" என்று கேட்டாய். உன் அம்மா வீட்டுக்குப் போகிற பாதை. அதையும் நான் பகிடி என்றே எடுத்தேன்.

மூன்று வருடம் கழித்துத்தான் டொக்டர்மார், தலையில் அடிபட்டு அடிபட்டு வருகிற ஒரு மூளை நோயின் பெயர் சொன்னார்கள். அதையும் நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது, இறந்த பிறகு மூளையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். போன வருடம் அந்த நேரம் வந்தபோது உன் அம்மா விடவில்லை. "காணும், அவன்ர தலையில இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றா. அதனால் எனக்கும் நிச்சயமாய்த் தெரியாமலே போய்விட்டது. ஆனால் ஒன்று தெரியும். உன் காரிய வீட்டில், சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது, அது திடீரென்று தலையில் இறங்கியது. நடித்த காலத்தில் நீ ஒருநாளும் ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னதில்லை. நடிக்கிறவனுக்கு என்ன சொன்னோம் என்று தெரியும். காருக்குள் நீ 'மாடு' இரண்டு தரம் சொன்னாய். நீ வாயைத் திறந்து கேட்க வந்ததை நான் சிரித்தே மூடிவிட்டேன்.

இப்போது சின்னவளின் கதைக்கு வருகிறேன். அவளுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்து றக்பி அணியில் ஓரத்தில் ஓடுகிறாள், உன்னை மாதிரியே. பெரிய அணி ஒன்று ஆள் எடுக்கிறதாம், அடுத்த கிழமை அங்கே சீசன் தொடக்கத்துப் பத்துச் சொல் பரீட்சை. கடதாசியைக் காட்டிக் கேட்டபோது அவளுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. "மாமா செய்தவர்தானே, நீங்கள்தானே சொன்னீங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஓம், நான்தான் சொன்னேன். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சாப்பாட்டு மேசையில் சோறு இறங்க வேண்டும் என்று சொன்ன கதை அது. உன்னை மாதிரி நெற்றியைத் தடவி, உன்னை மாதிரி இழுத்து, நடித்துக் காட்டுவேன். அவள் கைகொட்டிச் சிரிப்பாள். அந்தப் பத்துத் தமிழ்ச் சொல்லும் அவளுக்கு நித்திரையிலும் வரும். தமிழில் அவளுக்கு முழுசாய்ப் பாடமாய் இருந்தது தேவாரம் ஒன்றும், உன் லிஸ்ட்டும்தான். நீ படுக்கையில் விழுந்த பிறகும் அந்தக் கதையைச் சொன்னேன். நீ சிரித்த மாதிரியே இருக்கட்டும் என்று, மிச்சக் கதையைச் சொல்லாமல் விட்டேன். நானும் நடுவில்தான் விட்டிருக்கிறேன், பார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டு போகும்போது மிச்சத்தையும் சொன்னேன். காரையும், ரோல்ஸையும், நான் சிரித்ததையும். அவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். மழை இருட்டில் என்ன கறுப்புக் கண்ணாடி என்று அப்போதுதான் உறைத்தது.

"பிராக்டிசில தலையில அடிபட்டதோ?"

"நோ." கேள்வி முடிய முதலே பதில் வந்துவிட்டது.

"மாமாவின்ர லிஸ்ட்டைச் சொல்லு பாப்பம்."

அவள் அலுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "குடை, மாடு, திறப்பு... தலையணை..." ஜன்னலால் வெளியே பார்த்தாள். "மாடு."

நான் சிரிக்கவில்லை மச்சான். சிக்னலில் இடது பக்கம் திரும்ப வேண்டியவன் வலது பக்கம் திரும்பினேன்.

"அப்பா, ஐ'ம் ஆக்டிங். ஸ்கூல் மற்றப் பக்கம்."

"மாமாவும் அப்பிடித்தான் சொன்னவர்."

டொக்டரின் அறையில்தான் உண்மை வந்தது. மூன்று கிழமைக்குள் இரண்டு அடி. முதல் அடி ஆற முதல் மற்றது. ஒருவருக்கும் சொல்லவில்லை, தலையிடிக்குத் தாயின் பனடோலைக் களவாய் எடுத்துப் போட்டிருக்கிறாள். இந்த சீசன் முழுக்க விளையாட்டு இல்லை, போன் பார்க்கிறதும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெரும்பாலும் ஆறிவிடும் என்றார். பெரும்பாலும் என்ற சொல்லை நான் வீடு வரும் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்தினாள். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கட்டும். நீ என்னோடு கோபித்த நாள் ஒன்றுகூட இல்லை. ஒருமுறையாவது உன்னைக் கோபப்படுத்தியிருக்கலாம் என்று இப்போது கிடந்து எரிகிறேன்.

இன்று காலை அவளாகவே குசினிக்குள் வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர்க் கதிரையில் இருந்து, "மாமாவின்ர லிஸ்ட்டைக் கேளுங்கோ அப்பா" என்றாள். தமிழில் கேட்டாள். இனி அவளுக்கு நடிக்க ஒரு காரணமும் இல்லை. எல்லாம் சரியாய் வந்தால்தான் டொக்டர் திரும்ப விளையாட விடுவார். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சொல்லு" என்றேன்.

"குடை, மாடு, திறப்பு." அதோடு நின்றாள்.

நான் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. சீப்பு, சீப்பு என்று என் நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் நெற்றியைத் தடவினாள், நான் உன்னை மாதிரி நடித்துக் காட்டினதில் பழகின பழக்கமா, நோகிறதா, தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது அவளுக்கு.

"பாலம்" என்றாள். பிறகு, "உப்பு, தலையணை."

ஆறு. நடுவிலிருந்து ஒன்று வந்திருக்கிறது. அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "நாளைக்கும் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். நாளைக்கும் கேட்பேன். மிச்சம் நாலையும் அவள் வந்து எடுக்கும் வரைக்கும் நான் வைத்திருக்கிறேன், மச்சான். உன்னுடைய ஐந்தோடு சேர்த்து.